மலையிடம் பாடம் கேட்டவர்கள்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்விப் பணியில் 25 ஆண்டுகளை நிறைவு செய்துள்ள இச்சங்கத்தின் வெள்ளி விழாவில், மலைகள் தோன்றிய வகையை மனிதன் எவ்வாறு அறிந்தான் என்னும் பொருள்பற்றிப் பேச வந்துள்ளோம். படிப்பு, வேலைவாய்ப்பு, உரிமை என்று பேச வேண்டியவை பல இருக்க, மலையும் பாறையும் இம்மேடைக்கு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் இயல்பானதே. ஆயினும், உயர்ந்த பதவியில் இருந்த ஒருவர் சொன்ன தவறான முடிவைக் கால்நடையாக மலையேறிச் சென்று திருத்திய மனிதர்களின் வரலாறு இப்பொருளுக்குள் இருக்கின்றது. அது படிக்கின்ற பிள்ளைகள் எல்லோரும் அறிய வேண்டிய வரலாறு என்று கருதியே இதனைத் தேர்ந்துகொண்டோம்.

பாறை அடுக்குகள் சொல்லும் கதை

உலகில் மிக உயர்ந்த சிகரம் எவரெஸ்ட். அதன் உயரம் ஏறக்குறைய 8,849 மீட்டர். பனி மூடிய அந்த உச்சியில் இருக்கின்ற பாறை எது தெரியுமா? சுண்ணாம்புக்கல். அக்கல்லில், பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர்க் கடலில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் எச்சங்கள் பதிந்துள்ளன. கடலின் அடியில் படிந்த சேறு வானத்தின் அருகே சென்றது எப்படி? இந்த ஒரு வினாவிற்கு விடை காண்பதற்காகவே நிலவியல் அறிஞர் பலர் தம் வாழ்நாளைச் செலவிட்டனர்.

கிணறு வெட்டும்போது நாம் காண்பது என்ன? மேலே கரிசலோ செம்மண்ணோ இருக்கும், அதன்கீழ்ச் சுக்கான், அதற்கும் கீழே பாறை. ஆற்று நீரும் கடல் நீரும் கொண்டுவந்து சேர்க்கும் படிவுகளில் முதலில் படிந்தது அடியிலும், பின்னர்ப் படிந்தது மேலேயும் இருக்கும். 1669-ஆம் ஆண்டில் டென்மார்க்கில் பிறந்த ஸ்டெனோ என்னும் அறிஞர் இதனை ஒரு விதியாகவே எழுதிவைத்தார். கீழ் அடுக்கு மூத்தது, மேல் அடுக்கு இளையது என்பதே அவ்விதி. நிலவியலின் அரிச்சுவடி இதுதான். ஆனால் மலைத்தொடர்களுக்குள் நுழையும்போது இந்த அரிச்சுவடி மட்டும் போதாது என்பதை உலகம் ஒரு பெரிய வழக்கின் வாயிலாகத்தான் அறிந்துகொண்டது. அவ்வழக்கு நடந்த இடம் பிரிட்டனின் வடகோடியில் உள்ள ஸ்காட்லாந்து.

வடமேற்கு மலைநாட்டு வழக்கு

ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையில் சதர்லாந்து என்னும் பகுதி உள்ளது. மழையும் காற்றும் ஓயாத நாடு, மரம் குறைவு, பாறை மிகுதி. அங்கே மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி நடந்தால், முதலில் மிகப் பழைய நைஸ் பாறையைக் காணலாம். அதன்மேல் சிவந்த மணற்கல். அதன்மேல் வெண்மையான குவார்ட்சைட். அதன்மேல் டர்னஸ் சுண்ணாம்புக்கல். இச்சுண்ணாம்புக்கல்லுக்கும் மேலே, கிழக்கே பல கல் தொலைவு பரந்து கிடப்பது மொயின் சிஸ்ட் என்னும் உருமாறிய பாறை. உருமாறிய பாறை என்பது பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தன் இயல்பு மாறியது. வெந்து மாறிய பாறை மேலே இருக்க, அவ்வாறு மாறாத சுண்ணாம்புக்கல் அதன் கீழே இருப்பது எவ்வாறு? வழக்கு இங்கேதான் தொடங்கிற்று.

1854-ஆம் ஆண்டில் டர்னஸ் சுண்ணாம்புக்கல்லில் தொல்லுயிர் எச்சங்களைக் கண்டெடுத்தவர் சார்லஸ் பீச் என்பவர். இவர் பேராசிரியர் அல்லர். கடலோரக் காவலில் பணியாற்றியவர். தாமே கற்றுத் தேர்ந்தவர். அவர் கண்ட எச்சங்களால் அச்சுண்ணாம்புக்கல்லின் காலம் ஒருவாறு தெரியவந்தது.

அக்காலத்தில் பிரிட்டனின் நிலவியல் துறையில் முதன்மையாக விளங்கியவர் சர் ரோடரிக் மர்ச்சிசன். போர்வீரராக இருந்து அறிவியலுக்கு வந்தவர். சைலூரியன் என்னும் நிலவியற் காலத்திற்குப் பெயரிட்டவர். 1855-இல் அரசு நிலவியல் ஆய்வுத் துறையின் தலைமை இயக்குநரானார். அவர் மலைநாட்டைப் பார்த்துவிட்டு, "அடுக்குகள் யாவும் கிழக்கு நோக்கி ஒழுங்காகச் சாய்ந்துள்ளன, ஆகவே சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கும் சிஸ்ட் பாறை அதனினும் இளையது" என்னும் முடிவுக்கு வந்தார். ஆர்ச்சிபால்ட் கீக்கி என்னும் இளைய அறிஞரும் அவருடன் சென்று அதனை ஒப்புக்கொண்டார். மலைநாட்டின் பெரும்பகுதி சைலூரியன் காலத்தது என்று நிலப்படத்தில் நிறம் தீட்டப்பட்டது.

இதனை மறுத்தவர் ஒருவர் இருந்தார். அபர்டீன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் நிகோல். தொடக்கத்தில் மர்ச்சிசனுடன் சேர்ந்தே அந்நிலத்தைப் பார்வையிட்டவர். பின்னர் மீண்டும் மீண்டும் அங்குச் சென்று எல்லைக்கோட்டின் வழியே நடந்து பார்த்தார். சுண்ணாம்புக்கல்லும் சிஸ்ட்டும் சந்திக்கும் இடத்தில் பாறைகள் நொறுங்கியும் திரிந்தும் கிடப்பதைக் கண்டார். "இது ஒழுங்கான அடுக்கு அன்று, இங்கே ஒரு பெரிய பிளவு உள்ளது, கிழக்கேயுள்ள பாறை பழைய பாறையே" என்று 1860-ஆம் ஆண்டின் இறுதியில் அறிஞர் அவையில் கட்டுரை படித்தார். அவர் கூறிய விளக்கம் முழுமையும் சரியன்று. சில இடங்களில் அவரும் தவறினார். ஆயினும் வழக்கின் மையமான செய்தியில் உண்மை அவர் பக்கம் இருந்தது. அவையோ மர்ச்சிசன் பக்கம் இருந்தது.

மர்ச்சிசன் 1871-இல் மறைந்தார். அவர் நிறுவிய எடின்பரோ பல்கலைக்கழக நிலவியல் பேராசிரியர் பதவியில் முதலில் அமர்ந்தவர் கீக்கி. நிகோல் தம் கருத்தைக் கைவிடாமலே 1879-இல் மறைந்தார். தாம் சொன்னது மெய் என்று உலகம் ஒப்புக்கொள்வதைக் காண அவர் உயிரோடு இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடநூல்கள் தவறான செய்தியையே மாணவர்க்குச் சொல்லி வந்தன.

பள்ளி ஆசிரியர் ஒருவர் வருகிறார்

இந்நிலையில்தான் சார்லஸ் லாப்வொர்த் என்னும் பள்ளி ஆசிரியர் வருகிறார். 1864-ஆம் ஆண்டு, தம் 22-ஆம் வயதில், ஸ்காட்லாந்தின் தென்பகுதியில் கேலஷீல்ஸ் என்னும் நெசவுத் தொழில் நகரத்துப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். நிலவியலில் பட்டம் பெற்றவர் அல்லர். ஓய்வு நேரத்தில் சுற்றுப்புறக் குன்றுகளில் நடந்து, கிராப்டொலைட் என்னும் நுண்ணிய தொல்லுயிர் எச்சங்களைத் திரட்டினார். ஒவ்வொரு மெல்லிய அடுக்கிலும் எவ்வகை எச்சம் உள்ளது என்று பொறுமையாகக் குறித்துக்கொண்டார். பல்லாயிரம் அடி கனமுள்ளவை என்று பெரியோர் கருதியிருந்த பாறைகள், உண்மையில் சில மெல்லிய அடுக்குகளே என்றும், அவை பாய் மடிவதுபோல் மடிந்து மடிந்து மீண்டும் மீண்டும் தோன்றுகின்றன என்றும் 1878-இல் மெய்ப்பித்தார்.

அந்த ஆண்டுகளில் அவர் ஆசிரியராக இருந்த பள்ளியின் பெயரைக் கேட்டால் நீங்கள் வியப்படைவீர்கள். 1875 முதல் 1881 வரை அவர் கற்பித்த இடம், செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்து 'மெட்ராஸ் கல்லூரி'. அந்நகரில் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தை 1789 முதல் நடத்தி வந்தார். நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுத்துப் பழகுவதைக் கண்டு, மூத்த மாணவர் இளைய மாணவர்க்குக் கற்பிக்கும் முறையைத் தம் பள்ளியில் அமைத்தார். நாம் சட்டாம்பிள்ளை என்று சொல்வது அம்முறையையே. அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரால் மேல்நாடுகளில் பரவிற்று. அவர் விட்டுச் சென்ற பொருளால் எழுந்ததே அக்கல்லூரி. நம் நாட்டுத் திண்ணைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் கிடைத்ததில்லை என்பதை இந்த அவைக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் மணலில் எழுதிய அந்தச் சிறு விரல்கள் கடல் கடந்து ஒரு கல்லூரிக்குப் பெயர் தந்தன என்பதும், அக்கல்லூரியின் ஆசிரியர் ஒருவர் உலகின் மலைகளுக்குப் புதுப்பொருள் உரைத்தார் என்பதும் நினைவில் வைக்கத்தக்கவை.

லாப்வொர்த் 1881-இல் பர்மிங்காமில் பேராசிரியரானார். 1882, 1883-ஆம் ஆண்டுகளின் கோடைக் காலத்தில் வடமேற்கு மலைநாட்டின் எரிபோல் பகுதிக்குச் சென்றார். பெரிய அளவிலான நிலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மெல்லிய அடுக்கையும் அடிக்கு அடி தொடர்ந்து சென்றார். அங்குள்ள குவார்ட்சைட்டில் 'குழாய்ப் பாறை' என்று ஓர் அடுக்கு உண்டு. பழங்காலக் கடல் மணலில் புழுக்கள் குடைந்த துளைகள் நெட்டுக்குத்தாக அதில் பதிந்துள்ளன. அத்தகைய அடையாளமுள்ள அடுக்குகள் ஒரே சரிவில் மறுபடியும் மறுபடியும் வருவதை அவர் கண்டார். நாட்டோடு வேய்ந்த கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடப்பதுபோல அவை அடுக்கப்பட்டிருந்தன. பக்கவாட்டிலிருந்து தள்ளப்பட்டாலன்றி இவ்வாறு நிகழாது. அதற்கும் மேலே இருந்த சிஸ்ட் பாறை, பழைய பாறை. கிழக்கிலிருந்து பல கல் தொலைவு உந்தப்பட்டு வந்து இளைய பாறையின்மீது ஏறிக் கிடப்பது. அது நகர்ந்து வந்த தளத்தில் பாறை மாவுபோல் அரைபட்டிருந்தது. அந்த அரைபட்ட பாறைக்கு, திரிகையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'மைலோனைட்' என்று 1885-இல் பெயர் வைத்தார். உலகெங்கும் நிலவியலார் இன்றும் அப்பெயரையே வழங்குகின்றனர்.

அந்த உழைப்பு அவர் உடலை வருத்திற்று. ஆய்வு முடியும் முன்பே நோயுற்றார். நகர்ந்து வரும் அந்தப் பெரும்பாறை தம் உடல்மீது அரைத்துச் செல்வதாகப் படுக்கையில் கிடந்தபோது அவர் மருண்டதாகக் கூறுவர்.

பீச்சும் ஹார்னும்

இதற்கிடையில் கீக்கி 1882-இல் ஆய்வுத் துறையின் தலைமை இயக்குநராகிவிட்டார். மர்ச்சிசனின் முடிவை உறுதிசெய்யும் எண்ணத்தோடு தம் துறையின் சிறந்த ஆய்வாளர்களை 1883-இல் அம்மலைநாட்டுக்கு அனுப்பினார். அவர்களுள் முதன்மையானவர் பென் பீச், ஜான் ஹார்ன் என்னும் இரு நண்பர்கள். பென் பீச் வேறு யாரும் அல்லர். முன்னர் நாம் சொன்ன கடலோரக் காவலரின் மகனே. பீச்சுக்குக் கண் கூர்மை. ஹார்னுக்கு எழுத்துத் திறம். இருவரும் இணைந்தே பணியாற்றினர்.

அவர்களிடம் இருந்த கருவிகள் எவை? ஒரு சுத்தியல், ஒரு திசைகாட்டி, அடுக்கின் சாய்வை அளக்கும் சிறு கருவி, கையடக்க உருப்பெருக்கி, நிலப்படம், குறிப்பேடு. இவற்றோடு இரண்டு கால்கள். ஒரு பாறை வெளித்தெரியும் இடத்திற்குச் சென்று, அது எவ்வகைப் பாறை, எத்திசையில் சாய்கிறது, எத்தனை பாகை சாய்கிறது என்று அளந்து படத்தில் குறிக்க வேண்டும். பிறகு அடுத்த இடம். மழையில் நனைந்து, சேற்றுச் சதுப்பில் கால் புதைய நடந்து, ஒரு மைலை ஆறு அங்குலமாகக் காட்டும் படத்தில் புள்ளி புள்ளியாக அவர்கள் மலையை எழுதினார்கள்.

அவ்வாறு எழுதிய படம் அவர்களை அனுப்பிய தலைவரின் கருத்துக்கு மாறாக அமைந்தது. அவர்கள் கண்டதைக் கண்டவாறே சொன்னார்கள். 1884-இல் கீக்கி நேரில் வந்து அவர்களோடு நடந்து பார்த்தார். பார்த்தபின் மறுக்க இயலவில்லை. அவ்வாண்டு நவம்பரில் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில், பீச்சும் ஹார்னும் எழுதிய அறிக்கையோடு, தாம் முன்னர்க் கொண்ட கருத்து தவறு என்பதையும் வெளிப்படையாக எழுதினார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தாம் போற்றிய கருத்தைத் தாமே விட்டொழித்த அச்செயலையும் நாம் பாராட்ட வேண்டும்.

மலைநாட்டுப் பணி 1897 வரை நீண்டது. 1907-இல் முழு நூலும் வெளிவந்தது. மொயின் பாறை குறைந்தது பத்து மைல் நகர்ந்து வந்தது என்று அவர்கள் காட்டினர். இன்றைய ஆய்வாளர்கள் அத்தொலைவு அதனினும் மிகப் பெரியது என்கின்றனர். அக்குழுவில் இருந்த ஹென்றி காடெல் என்பவர் 1887-இல் ஒரு பெட்டியில் மணல், களிமண், சுண்ணச்சாந்து ஆகியவற்றை அடுக்கடுக்காகப் பரப்பி, ஒரு பக்கத்திலிருந்து பலகையால் நெருக்கினார். மலைநாட்டில் கண்ட அதே ஓட்டுக்கூரை அடுக்கு பெட்டிக்குள் தோன்றிற்று. மலையைப் பற்றிய இந்தச் சோதனையைச் சிறிய பள்ளியிலும் செய்து காட்டலாம்.

தள்ளியது யார்?

பாறையைத் தள்ளிய விசை எது என்னும் வினாவிற்கு அவர்கள் காலத்தில் விடை இல்லை. ஆனால் விடைக்கான தடயத்தை அவர்களே விட்டுச் சென்றனர். 1891-இல் அம்மலைநாட்டில் கிடைத்த ஒலெனெல்லஸ் என்னும் தொல்லுயிரின் எச்சம் வட அமெரிக்காவிலும் கிடைப்பது. கடலுக்கு அப்பால் உள்ள உயிர் இங்கே வந்தது எவ்வாறு? இத்தகைய எச்சங்களைச் சான்றாகக் கொண்டே 1966-இல் கனடா நாட்டறிஞர் டூசோ வில்சன், இன்றைய அட்லாண்டிக் கடலுக்கு முன்பு அங்கே வேறொரு கடல் இருந்து மூடிக்கொண்டது என்று எழுதினார். அக்கடலுக்கு இன்று இயபெட்டஸ் என்று பெயர். அது மூடியபோது நிலப்பரப்புகள் மோதின. ஏறக்குறைய 43 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த அம்மோதலே மொயின் பாறையை மேற்கு நோக்கி உந்தியது. மலைத்தொடர் என்பது இவ்வாறு நிலங்கள் மோதி நெருக்குண்ட தழும்பு.

ஸ்காட்லாந்தின் தழும்பு ஆறிவிட்டது. இமயத்தின் தழும்பு இன்னும் ஆறவில்லை. ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இந்திய நிலம் ஆசியாவோடு மோதத் தொடங்கிற்று. இடையிலிருந்த கடல் மறைந்தது. அதன் அடிச்சேறுதான் எவரெஸ்ட் போன்ற சிகரங்களில் உள்ளது. சுவிட்சர்லாந்து அறிஞர் அகஸ்டோ கான்சர் 1936-இல், வெளிநாட்டார்க்குத் தடை இருந்த திபெத்துக்குள் புத்த யாத்திரிகர் போல் வேடம் பூண்டு சென்று, கயிலை மலைப் பகுதியில் கடலடித் தரையின் பாறைகளைக் கண்டார். மறைந்த கடலுக்கு அது நேர்ச்சான்று.

இமயத்தின் அடியிலும் மொயின் போன்றே ஓர் உந்துதளம் உண்டு. அது உயிரோடு இருக்கின்றது. இந்திய நிலம் அதன்கீழ் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் நெருக்கி நுழைகிறது. நெருக்கம் தாங்காமல் ஒருநாள் அது வழுக்கும்போது நிலம் அதிர்கிறது. 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் நிகழ்ந்தது அதுவே. ஏறக்குறைய 9,000 பேர் மாண்டனர். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய ஏழை வீடுகளே மிகுதியாக இடிந்தன. எந்தப் பாறை எங்கே பிளந்துள்ளது என்று நடந்து நடந்து எழுதும் படம் வெறும் ஏட்டுப் படிப்பு அன்று என்பதை இதனால் உணரலாம். இன்று செயற்கைக்கோள் உண்டு. பாறையின் வயதைக் கணிக்கும் நுண்கருவிகள் உண்டு. ஆயினும் எந்தக் கல்லை எங்கிருந்து எடுப்பது என்று சொல்வதற்கு ஒருவர் மலையில் நின்றே ஆக வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு சொல்

அன்பிற்குரிய மாணவ மாணவியரே! இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை மூன்று என்று கருதுகின்றோம்.

மேலே இருப்பது எப்போதும் அங்கேயே இருந்தது என்று எண்ணிவிடாதீர்கள். அது எவ்வாறு அங்கே வந்தது என்று கேளுங்கள். மர்ச்சிசன் கேட்கத் தவறிய கேள்வி அதுதான்.

சொல்பவரின் பதவியைப் பார்த்து உண்மையை முடிவு செய்யாதீர்கள். மர்ச்சிசன் அறிவில் குறைந்தவர் அல்லர்; ஆனால் அந்த எல்லைக்கோட்டில் நிகோல் நடந்த அளவு அவர் நடக்கவில்லை. கடலோரக் காவலரும் பள்ளி ஆசிரியரும் கண்டதைப் பதவியால் மறைக்க முடியவில்லை. அதே வேளையில், மறுப்பதற்கென்றே மறுப்பதாலும் பயனில்லை. லாப்வொர்த் வென்றது உரத்த குரலால் அன்று. அடிக்கு அடி எழுதிய படத்தால்.

மூன்றாவது, உண்மை காலம் தாழ்ந்தும் வரும் என்பது. நிகோல் அதனைக் காணவில்லை. ஆனால் அவர் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் நடந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து இருவர் நடந்தனர். 25 ஆண்டுகளுக்கு முன் இச்சங்கத்தைத் தொடங்கியவர்களுள் இன்று இந்த அவையில் இல்லாதவர்களையும் இவ்வேளையில் நாம் நினைவுகூர்கின்றோம். அவர்கள் விட்ட இடத்திலிருந்து நடக்க வேண்டியவர்கள் நீங்கள்.

நிலவியல் படிப்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. ஊர்க் கிணற்றின் சுவரும், கல்லுடைக்கும் குழியும், ஆற்றங்கரைச் சரிவும் அதன் முதற்பாடங்கள். அவற்றின் அருகே நின்று, எது முன்னது, எது பின்னது, எது எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பழகுங்கள். உங்களுள் ஒருவரேனும் சுத்தியலும் குறிப்பேடும் கொண்டு இமயத்தின் சரிவுகளில் நடக்கும் நாள் வர வேண்டும். அந்நாளில் அவர் எழுதும் படத்தை இச்சங்கத்தின் பொன்விழா மலர் வெளியிட வேண்டும் என்று வாழ்த்துகின்றோம்.